ரெண்டாவது பெனால்ட்டி

காலேஜில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. இஸ்ரோ!

ரொம்ப அறிவாளி போல என்று அவசரப்பட்டு மரியாதை கொடுத்துவிடாதீர்கள். கதை வேறு. 2000 பிப்ரவரி. இன்டர்-காலேஜ் ஃபுட்பால் செமி ஃபைனல். ஆட்டம் டிராவில் முடிந்து பெனால்ட்டிக்குப் போனது. எங்கள் டீமில் நாலாவதாக நான். பந்தை வைத்தேன். பின்னால் நடந்தேன். கோச் சொன்னது, அப்பா சொன்னது, குலதெய்வம் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. ஓடி வந்து விட்டேன் பாருங்கள் ஓர் உதை... பந்து கோல் போஸ்ட்டைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, காம்பவுண்ட் சுவரையும் தாண்டி, பக்கத்து வாழைத் தோட்டத்தில் போய் இறங்கியது. தோட்டக்காரர் பந்தைத் திருப்பித் தரவே இல்லை என்பது தனி சோகம்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். "நம்மாளு அடிச்சது பந்து இல்ல மச்சி, சாட்டிலைட்டு!" அன்று ராத்திரி மெஸ்ஸில் நான் தண்ணி டம்ளரைத் தூக்கினால்கூட "டென்... நைன்... எய்ட்..." என்று கவுன்ட் டவுன். ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். ம்ஹூம். என் ரெக்கார்ட் நோட்டு லேபிளில்கூட எவனோ ஸ்கெட்ச் பேனாவில் அதையே எழுதி வைத்திருந்தான். நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். சிரிக்கவில்லை என்றால் இன்னும் ஓட்டுவார்கள் என்பது ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயரை ஒருநாளும் சொல்லாதவன் ஒருத்தன்தான். என் ரூம்மேட். அவனும் டீமில் இருந்தான், மிட்ஃபீல்டு.

அந்த வருஷம் ஜூன் மாதம் யூரோ கோப்பை. பெல்ஜியமும் நெதர்லாந்தும் சேர்ந்து நடத்தின. 13-ம் தேதி ஷார்லருவா நகரத்தில் யுகோஸ்லாவியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் ஆட்டம். நம்ம ஊர் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி. ஸ்லோவேனியா 1991-ல்தான் யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. அவர்களுக்கு இதுதான் முதல் பெரிய போட்டி, அதுவும் யாரோடு? பாகம் பிரித்துக்கொண்டு போன பங்காளியோடு! கேட்கவா வேண்டும்? ஹாஸ்டல் டி.வி. ரூமில் முப்பது பேர் இருந்தோம்.

ஐம்பத்தேழாவது நிமிஷத்தில் ஸ்லோவேனியா 3-0. ஸ்லாட்கோ சாஹோவிச் என்ற மனுஷன் மட்டும் ரெண்டு கோல். அறுபதாவது நிமிஷத்தில் யுகோஸ்லாவியாவின் சினிஷா மிஹாய்லோவிச்சுக்கு ரெட் கார்டு. மூணு கோல் பின்னாடி, ஆளும் பத்து பேர். "காலையில லேப் இருக்குடா" என்று ஒவ்வொருத்தனாக எழுந்து போனான். கடைசியில் நானும் ரூம்மேட்டும், மூலையில் சேரிலேயே தூங்கிப்போன ஒரு ஃபைனல் இயர் சீனியரும் மட்டும்.

67-வது நிமிஷம், கோல். 70-வது நிமிஷம், கோல். 73-வது நிமிஷம், மறுபடி கோல்! ஆறே நிமிஷத்தில் 3-3. நடுவில் உள்ளதை லியுபின்கோ ட்ருலோவிச் அடித்தார். மற்ற ரெண்டையும் அடித்தவர், உயரமாக, இடது காலில் ஆடுகிற ஒரு ஸ்ட்ரைக்கர். ரூம்மேட் போட்ட சத்தத்தில் வார்டன் ரூமில் லைட் எரிந்தது. சீனியர் பதறி எழுந்து டி.வி-யைப் பார்த்தார்.

"யாருடா அடிச்சது?"

"மிலோசெவிச்ண்ணா."

"அவனா? அவனுக்கு இங்கிலாந்துல என்ன பேர் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "மிஸ்-அ-லாட்-எவிச்!"

நிறைய மிஸ் பண்ணுகிறவன். தமிழில் சொன்னால் தவறவிட்டோவிச்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐரோப்பாவிலும் ஹாஸ்டல் இருக்கிறது, அங்கேயும் பெயர் வைக்கிறான்கள் என்று ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது. அன்றிலிருந்து அவர் நம்ம ஆள்.

சாவோ மிலோசெவிச். அந்தப் பெயரைக் கேட்டதும், அப்போது பேப்பரில் தினம் வந்துகொண்டிருந்த அதிபர் ஸ்லோபொதான் மிலோசெவிச்சின் சொந்தக்காரரா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. நம்ம ஊரில் ராஜேந்திரன் எல்லாம் சொந்தக்காரர்களா என்ன? இவர் 1973-ல் போஸ்னியாவில் பியெலினா என்ற ஊரில் பிறந்த செர்பியர். அப்போது எல்லாம் சேர்ந்து ஒரே யுகோஸ்லாவியா. ஃபுட்பால் அவரை தலைநகர் பெல்கிரேடுக்கு, பார்டிசான் கிளப்புக்குக் கொண்டுபோனது. அவர் பார்டிசானின் சீனியர் டீமுக்கு வந்த 1992-ல் சொந்த ஊர்ப் பக்கம் போர். போஸ்னியப் போரில் முதலில் பற்றி எரிந்த ஊர்களில் பியெலினாவும் ஒன்று.

அதே வருஷம் ஐ.நா. பொருளாதாரத் தடை விதித்தது. விளையாட்டும் அதில் சேர்த்தி. யூரோ கோப்பைக்கு ஸ்வீடனில் போய் இறங்கியிருந்த யுகோஸ்லாவிய அணியை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அந்த இடத்துக்குக் கடைசி நேரத்தில் கூப்பிடப்பட்ட டென்மார்க் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது. இந்தக் கதையை டென்மார்க் பக்கத்திலிருந்து எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எனக்கு எப்போதும் மற்ற பக்கம்தான் ஞாபகம் வரும். பத்தொன்பது, இருபது வயதில், கால் நன்றாக ஓடுகிற நேரத்தில், உன் நாட்டுக்கு வெளியே ஆட்டமே கிடையாது என்று சொல்லிவிட்டால்?

சாவோ உள்ளூரிலேயே அடித்துத் தள்ளினார். பார்டிசானுக்காக நூறுக்கும் குறைவான லீக் ஆட்டங்களில் எழுபதுக்கும் மேல் கோல். தடை தளர்ந்த பிறகு, 1994 டிசம்பரில் தேசிய அணி முதன்முதலாக வெளியே போய் ஆடியது. எங்கே? பிரேசிலில், பிரேசிலோடு! அந்த வருஷத்து உலக சாம்பியனோடு. தோற்றார்கள். சாவோவுக்கு தேசிய அணியில் அதுதான் முதல் ஆட்டம்.

1995-ல் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா அவரை 35 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய பணம். பிரச்னையும் அங்கேதான் ஆரம்பம். பணம் கொடுத்தவன் ஒவ்வொரு உதையையும் எண்ணுவான் இல்லையா? ஆளோ, கஷ்டமான கோலை அடிப்பார். சுலபமானதை விடுவார். இங்கிலீஷ் பத்திரிகைகளுக்கும் கேலரிக்கும் இந்த மாதிரி ஆள் கிடைத்தால் கறி விருந்து. அதிலும் பெயரே 'மிலோ-செவிச்'. எழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் கேலி ரெடி.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயர் வந்த முதல் சீஸன் ஒன்றும் அவ்வளவு மோசம் இல்லை. கோவென்ட்ரியோடு ஒரே ஆட்டத்தில் மூணு கோல். 1996 மார்ச்சில் வெம்ப்லி மைதானத்தில் லீக் கப் ஃபைனல், எதிரில் லீட்ஸ். முதல் கோல் இவருடையது. இருபத்தைந்து கஜம் தள்ளி, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் இடது காலால் ஓர் அடி. வலைக்கு உள்ளே! அப்புறம் இயன் டெய்லர் ஒன்று, ட்வைட் யார்க் ஒன்று. வில்லா 3-0. கோப்பையைக் கொண்டுவந்தவர்களில் ஒருத்தர் என்று சிலை வைக்கச் சொல்லவில்லை. பெயரையாவது திருப்பி வாங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கவில்லை. பட்டப்பெயருக்கு அந்தக் குணம் உண்டு. அது ஒட்டிக்கொண்ட பிறகு நீங்கள் சரியாகச் செய்கிற எதுவும் கணக்கில் வராது. தப்பாகச் செய்வது மட்டும், "பாத்தியா, நான் சொல்லல?" என்று அந்தப் பெயருக்குக் கீழே போய்ச் சேர்ந்துகொள்ளும்.

மூணு வருஷத்தில் 90 லீக் ஆட்டம், முப்பதை எட்டாத கோல் எண்ணிக்கை. 1998 ஜனவரியில் பிளாக்பர்ன் மைதானத்தில் வில்லா 0-5 என்று உதை வாங்கிய அன்று, சொந்த அணி ரசிகர்கள் இருந்த பக்கம் பார்த்துத் துப்பிவிட்டார் சாவோ. நியாயப்படுத்த மாட்டேன். துப்பியது தப்புதான். வில்லா அத்தோடு அவரை விற்பனைப் பட்டியலில் போட்டது. ஆனால் மெஸ்ஸில் ஒரு ராத்திரி பத்தாவது தடவையாகக் கவுன்ட் டவுன் கேட்டபோது என் கையில் இருந்த சாம்பார் கிண்ணம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். ரூம்மேட் கையைப் பிடித்துக்கொண்டான். சாவோவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை போல.

அங்கிருந்து ஸ்பெயின். சரகோசா கிளப். இந்த இடத்தில்தான் எனக்கு ஆளை ரொம்பப் பிடித்துப்போனது. ஆட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை, அதே மாதிரி ஓடி, அதே மாதிரி அடித்து, அதே மாதிரி சிலதை விட்டு... 1999-2000 சீஸனில் லீக்கில் 21 கோல். சரகோசா நாலாவது இடம். சாம்பியன்ஸ் லீகுக்குப் போயிருக்க வேண்டியவர்கள். அந்த வருஷம் லீக்கில் ஐந்தாவதாக வந்த ரியல் மாட்ரிட் சாம்பியன்ஸ் லீகையே ஜெயித்துவிட்டதால், அந்த இடம் மாட்ரிட்டுக்குப் போய்விட்டது. சாவோவின் ராசியைப் பார்த்தீர்களா?

அந்த 21 கோலோடுதான் யூரோ 2000-க்கு வந்தார். ஸ்லோவேனியாவோடு ரெண்டு. அடுத்து நார்வேயோடு 1-0, அந்த ஒரே கோலும் அவர்தான். மூணாவது ஆட்டம் ஸ்பெயினோடு. இந்த ஆட்டத்தை எங்கேயாவது பிடித்து முழுசாகப் பாருங்கள், ரெண்டு மணி நேரம் வீண் போகாது. முதல் கோல் சாவோ. தொண்ணூறு நிமிஷம் முடிந்தபோது யுகோஸ்லாவியா 3-2 என்று முன்னிலை. அதற்குமேல் கொடுத்த கூடுதல் நேரத்தில் ஸ்பெயின் ரெண்டு அடித்தது. 4-3! தோற்ற யுகோஸ்லாவியாவும் சேர்ந்து கால் இறுதிக்குத் தேறியது, ஏனென்றால் அந்தப் பக்கம் நார்வேயும் ஸ்லோவேனியாவும் கோலே இல்லாமல் டிரா.

கால் இறுதியில் நெதர்லாந்து. 6-1. தூக்கிப் போட்டு மிதித்தார்கள். அந்த 'ஒன்று' யார் என்கிறீர்கள்? ஆட்டம் முடிகிற கூடுதல் நிமிஷத்தில், ஆறு கோல் வாங்கிய பிறகு, மானம் போன பிறகு, சாவோ ஒரு கோல் அடித்தார். எங்கள் டி.வி. ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். "இப்ப இது எதுக்குடா?" அன்று நானும்தான் அப்படி நினைத்தேன். ஆனால் அந்தக் கோலோடு அவர் கணக்கு ஐந்து. நெதர்லாந்தின் பேட்ரிக் க்ளைவர்ட்டும் ஐந்து. அந்த யூரோவில் அதிக கோல் அடித்தவர்கள் இவர்கள் ரெண்டு பேர்தான். அதிலும் ஒரு கூத்து. க்ளைவர்ட் கணக்கில் முதலில் சேர்ந்திருந்த ஒரு கோல், யுகோஸ்லாவியாவின் கோவெதாரிட்சா தன் வலைக்குள்ளேயே தட்டிக்கொண்டது என்று பிறகு திருத்தப்பட்டது. தவறவிட்டோவிச் ஐரோப்பாவின் முதல் கோல்காரர் ஆனதில், சொந்த டீம்காரர் ஒருத்தரின் ஓன் கோலுக்கும் பங்கு இருக்கிறது!

உடனே இத்தாலியின் பார்மா ரெண்டரைக் கோடி யூரோ கொடுத்து வாங்கியது. அங்கே எடுபடவில்லை. மறுபடி சரகோசா, பிறகு எஸ்பான்யோல், செல்டா வீகோ என்று கிளப் மாறிக்கொண்டே இருந்தார். செல்டாவில் இருந்த வருஷம் அந்த அணி சாம்பியன்ஸ் லீக் ஆடிக்கொண்டே ஸ்பெயின் லீக்கில் கீழே இறங்கிப்போனது. பிறகு ஒசாசுனா. பெரிய பணம் இல்லாத, பம்ப்ளோனா ஊரின் கிளப். அங்கே அவர் இருந்த மூணு வருஷத்தில் ஒசாசுனா ஸ்பெயின் கோப்பையின் ஃபைனலுக்குப் போனது, லீக்கில் நாலாவதாக வந்தது, யூஃபா கோப்பையில் செமி ஃபைனல் வரை போனது. முப்பது வயதுக்கு மேல்தான் மனுஷனுக்கு ஒரு வீடு மாதிரி கிளப் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

நடுவில் நாட்டின் பெயரே மாறிக்கொண்டிருந்தது. 2003-ல் யுகோஸ்லாவியா என்ற பெயர் போய் 'செர்பியா அண்டு மாண்டினீக்ரோ' ஆனது. அந்த அணிக்குத்தான் 2006 உலகக் கோப்பையில் சாவோ கேப்டன். போட்டி ஆரம்பிக்கிறதுக்குச் சில நாள் முன்னால், ஜூன் 3-ம் தேதி, மாண்டினீக்ரோ தனி நாடாகிவிட்டது. யோசித்துப் பாருங்கள். இல்லாமல் போன ஒரு நாட்டின் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு உலகக் கோப்பை ஆட வேண்டும், அதற்குக் கேப்டனாகவும் இருக்க வேண்டும். நெதர்லாந்தோடு 0-1. அர்ஜென்டினாவோடு 0-6. ஐவரி கோஸ்ட்டோடு 2-3. பிறந்தபோது ஒரு யுகோஸ்லாவியா, ஆட வந்தபோது சுருங்கிப்போன இன்னொரு யுகோஸ்லாவியா, அப்புறம் செர்பியா அண்டு மாண்டினீக்ரோ, கடைசியில் வெறும் செர்பியா. ஒரே ஆள், மொத்தம் 102 ஆட்டம், 37 கோல்.

கடைசிக் கிளப், ரஷ்யாவின் ரூபின் கசான். 2008-ல் அந்தக் கிளப் தன் சரித்திரத்திலேயே முதல் முறையாக ரஷ்ய சாம்பியன் ஆனது. பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்திலும் ஒரு கோல் சாவோவுடையது. அத்தோடு பூட்ஸைக் கழற்றினார். செர்பியாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டத்தைப் பற்றி வேண்டுமென்றே இங்கே சொல்லாமல் விடுகிறேன். பின்னால் வருகிறேன்.

ஸ்ட்ரைக்கர்கள் நல்ல கோச் ஆகமாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வாழ்நாள் முழுக்க பந்தைத் தனக்குக் கொடு என்று கேட்டே பழகியவன், பத்து பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க எப்படிக் கற்றுக்கொள்வான்? சாவோ அவசரப்படவில்லை. கொஞ்ச காலம் பிராங்கோ பிர்னோவிச்சுக்கு உதவியாளராக இருந்தார், மாண்டினீக்ரோ தேசிய அணியில்! 2006-ல் கேப்டன் கையிலிருந்து பிரிந்துபோன அதே மாண்டினீக்ரோதான். 2019 மார்ச்சில், நாற்பத்தைந்து வயதில், முதல் முறையாகத் தலைமைக் கோச். தான் வளர்ந்த பார்டிசானுக்கே.

ரெண்டே மாதத்தில் செர்பியக் கோப்பை ஃபைனல். எதிரில் பெல்கிரேடு நகரத்தின் இன்னொரு பாதி, ரெட் ஸ்டார். அந்த ரெண்டு கிளப்புக்கும் உள்ள பகையைச் சொல்ல இந்தப் பக்கம் போதாது. பார்டிசான் 1-0. கோப்பை. அடுத்த சீஸன் யூரோப்பா லீகில் மான்செஸ்டர் யுனைடெட், ஏ.இசட். அல்க்மார், அஸ்தானா எல்லாம் ஒரே குரூப். யுனைடெட்டிடம் ரெண்டு ஆட்டத்திலும் தோல்வி. அஸ்தானாவை ரெண்டு தடவையும் ஜெயித்து, அல்க்மாரோடு ரெண்டு தடவையும் 2-2 டிரா செய்து, 8 புள்ளிகளோடு மூணாவது இடம். வெளியே.

அந்த அணியில் உமர் சாதிக் என்று ஒரு நைஜீரிய ஸ்ட்ரைக்கர். ஒட்டகச்சிவிங்கி உயரம். இத்தாலியின் ரோமா அவரை ஊர் ஊராகக் கடனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸுக்கு ஆடியபோது ஒரு கோல்கூட இல்லை. பார்டிசானுக்கு வந்த வருஷம் கோலாகக் கொட்டினார். பிறகு ஸ்பெயினில் அல்மேரியாவுக்குப் போய் அந்த அணி முதல் டிவிஷனுக்கு ஏற உதவி, அங்கிருந்து ரியல் சோசியடாட் வரை போனார். எல்லாம் சாவோவின் கைவண்ணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பையன் சுலபமான சான்ஸை விட்டுவிட்டுத் தலையில் கை வைக்கும்போது, கோட்டுக்கு வெளியே நிற்கிற ஆள் யார் என்பதில் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

2020 ஜூன், மறுபடி கோப்பை. செமி ஃபைனலில் ரெட் ஸ்டாரை 1-0 என்று வீழ்த்தி ஃபைனலுக்கு வந்தார்கள். நீஷ் நகரத்தில், வோய்வோதினா அணியோடு. 2-2. பெனால்ட்டி ஷூட்-அவுட்.

இந்த இடத்தில் நான் ஆட்டத்தை மறந்துவிட்டு அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை விட்டாலும் அடுத்ததையும் நானே அடிக்கிறேன் என்று போய் நின்ற மனுஷன். இப்போது போக முடியாது. கோச்சுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். ஐந்து பசங்களைப் பொறுக்கிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். பார்டிசான் 2-4 என்று தோற்றது. அந்த வருஷத்திலேயே பதவியும் போனது. 2021-ல் கொஞ்ச காலம் லியுப்லியானாவில் ஒலிம்பியா அணியின் கோச்சாக இருந்தார். லியுப்லியானா எந்த நாட்டுத் தலைநகர் என்கிறீர்கள்? ஸ்லோவேனியா! அந்த 3-3 அங்கே யாருக்காவது ஞாபகம் இருந்ததா என்று கேட்க ஆசை. 2024-ல் பார்டிசான் மறுபடி கூப்பிட்டது. அந்த முறையும் நீடிக்கவில்லை. கோச்சாகப் பெரிய வெற்றி என்று எழுத என்னால் முடியாது. ஒரு கோப்பை, ஒரு பெனால்ட்டி தோல்வி, நடுவில் சில பசங்கள்.

இப்போது அந்தக் கடைசி ஆட்டம். 2008 நவம்பர் 19, பெல்கிரேடு. பல்கேரியாவோடு நட்பு ஆட்டம், சாவோவுக்கு வழியனுப்பு விழா மாதிரி. செர்பியா 6-1. சாவோ ரெண்டு கோல் அடித்தார். முதல் பாதி முடிவதற்குள்ளேயே அவரைக் கௌரவமாக வெளியே அழைத்துக்கொண்டார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் செர்பியாவுக்கு ரெண்டு பெனால்ட்டியும் கிடைத்தது. முதலாவதை அவர் அடித்தார். மிஸ். ரெண்டாவதையும் அவரே போய் அடித்தார்.

அதுவும் மிஸ்!

முதல் தடவை படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். ரெண்டாவது தடவை சிரிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2001. அதே இன்டர்-காலேஜ், இந்த முறை கால் இறுதி. 0-0. முடிய எட்டு நிமிஷம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு பெனால்ட்டி. கேப்டன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "யார்டா அடிக்கிறது?" என்று கேட்டான். ஸ்ட்ரைக்கர் நான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தேன். லேஸ் நன்றாகத்தான் இருந்தது. அதை அவிழ்த்து, மறுபடி கட்டினேன். தலையைத் தூக்கினபோது பந்து என் ரூம்மேட் கையில் இருந்தது.

சுத்தமாகத்தான் அடித்தான். கீப்பர் அந்தப் பக்கம், பந்து இந்தப் பக்கம். போஸ்ட்டில் பட்டு 'டங்' என்று ஒரு சத்தம். கோயில் மணி மாதிரி. திரும்பி வெளியே. அடுத்த நிமிஷம் அவன்கள் ஒரு கோல் போட்டு ஆட்டத்தை முடித்தான்கள்.

பஸ்ஸில் எல்லோரும் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். யாராவது ஏதாவது சொல்லி ஆரம்பிக்க வேண்டும். சொன்னது நான்தான்.

"விடுங்கடா... நம்ம போஸ்ட்மேன் கரெக்டா போஸ்ட்ல டெலிவரி பண்ணிட்டான்!"

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. அவனும் சிரித்தான். ஒரு வருஷமாக என் மேல் இருந்த பெயர் அந்த நிமிஷத்தில் இறங்கி அவன் மேல் ஏறிக்கொண்டது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. காலி சிலிண்டரை இறக்கிவைத்த மாதிரி தோள் லேசாக இருந்தது. அப்புறம் காலேஜ் முடிகிற வரைக்கும் அவன் போஸ்ட்மேன். மெஸ்ஸில் "சார், போஸ்ட்!" என்று கத்துவார்கள். அடுத்த செமஸ்டரிலிருந்து அவன் கிரவுண்டுக்கு வரவில்லை. "ரெண்டு அரியர் இருக்குடா" என்றான். அரியர் இருந்தது உண்மைதான். எனக்கும் இருந்தது. நான் ஆடிக்கொண்டுதான் இருந்தேன். என்னை அதற்கப்புறம் யாரும் இஸ்ரோ என்று கூப்பிடவில்லை.

நாற்பது வயது தாண்டியாச்சு. ரெண்டு பேரும் இப்போதும் பேசுகிறோம், கல்யாணம் காதுகுத்துக்குப் போகிறோம், இந்தப் பேச்சு மட்டும் வந்ததில்லை. போன மாதம் ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் சாவோவைப் பற்றி மறுபடி படித்துக்கொண்டிருந்தபோது, அந்த பல்கேரியா ஆட்டத்தின் கதையை அப்படியே டைப் பண்ணி அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'நம்ம ஷார்லருவா ஆளு ஞாபகம் இருக்கா?' என்று ஒரு வரியும் சேர்த்து.

பத்து நிமிஷம் கழித்து ரெண்டு நீல டிக். பதில் வர இன்னும் கொஞ்ச நேரம்.

'ரெண்டாவதையும் அவரேவா அடிச்சாரு?'

'ஆமாடா.'

'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

'உன் லேஸ் அன்னிக்கு நல்லாத்தான் கட்டியிருந்துச்சு. நான் பாத்தேன்.'